ஏழுமலையை அழிக்கவா?

விதிமுறை எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய சுகம் உண்டு. எழுதியதை அவன் செய்து பார்க்க வேண்டியதில்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள்கூட என்றைக்காவது பசித்தால் அடுப்படிக்குப் போயாக வேண்டும். நான் அந்த ஆபத்தும் இல்லாத உத்தியோகத்தில் தலை நரைக்கும் வரை இருந்தேன். ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் பண்டகசாலைப் பிரிவு. ஒரு போல்ட் உள்ளே வர என்ன படிவம், வெளியே போக யார் கையெழுத்து, நடுவில் தொலைந்தால் யாரைக் கேட்க வேண்டும், யாரைக் கேட்கவே கூடாது எல்லாம் எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் உட்பிரிவு எண்ணோடு சொல்வேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.)

ஓய்வு பெற்றதும் காஞ்சிபுரத்தில் வீட்டோடு உட்கார்ந்து, முதலில் வாங்கிய பருப்புதான் முதலில் செலவாக வேண்டும் என்ற முறையை என் மனைவி லலிதாவின் சமையலறையில் அமல்படுத்திப் பார்த்தேன். ஒரே வாரத்தில் அவள் எனக்காகச் செய்தித்தாளில் 'ஆட்கள் தேவை' பகுதியைப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். அப்படித்தான் உத்திரமேரூரிலிருந்து திருமுக்கூடல் போகும் சாலையில், ஒரு பழைய ரைஸ் மில்லைக் கிடங்காக மாற்றியிருந்த இடத்துக்கு ஆலோசகனாகப் போய்ச் சேர்ந்தேன். செல்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்டது, ஆனால் அதில் பாம்பு விளையாட்டைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற காலம் அது.

கிடங்கில் சோப்பு, தேங்காயெண்ணெய், பினாயில், ஊதுபத்தி. எல்லாம் ஒரே பெரிய கம்பெனியின் சரக்கு. சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் ராக்கு அடுக்குகளிலிருந்து பெட்டிகளை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்து லாரிக்கு அனுப்புவார்கள். ஆளுக்கொரு கை ஸ்கேனர். பிடியும் விசையும் வைத்து, மேலே தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை. பெண்கள் அதைத் துப்பாக்கி என்றார்கள். பெட்டியின் கோடுகளைப் பார்த்துச் சுட்டால் 'பீப்' என்று கத்தும்.

பிரச்சினை என்னவென்றால், துப்பாக்கி சரியாகச் சுட்டது, பெட்டி தவறாகப் போனது. செய்யாறுக்குப் போக வேண்டிய தேங்காயெண்ணெய்க்குப் பதில் பினாயில் போய் இறங்கியது. கம்பெனிக்காரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: திரையைத் திருத்தித் தவறைக் குறையுங்கள். தை பிறப்பதற்குள் மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் சரக்கு முழுவதும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பெரிய கிடங்குக்குப் போய்விடும். அப்படிப் போனால் இங்கே மிச்சம் இருப்பது வௌவால்கள்தான். அந்தப் பெண்கள் மறுபடியும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போக வேண்டும். அதுவும் ஏரியில் தண்ணீர் இருக்கிற வருடத்தில்.

திரையைத் திருத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. முறைப்படி பயனாளர்களிடம் கருத்துக் கேட்டேன். அதாவது, நான் கேள்வி கேட்டேன், பதிலையும் நானே சொன்னேன். நேரம் மிச்சமானது.

"எழுத்து சின்னதா இருக்கு, இல்லையா?"

"ஆமா சார்."

"தமிழ்ல இருந்தா நல்லது, இல்லையா?"

"ஆமா சார்."

"இந்த சி-பதினாலு, டி-ரெண்டு எல்லாம் குழப்புது, இல்லையா?"

"அத்த வுடுங்க சார். சாப்பாட்டு நேரத்துல அந்த மூலையில ஒரு ஃபேன் போடுவீங்களா?" என்றாள் அஞ்சலை. வாயாடி, வேலையில் புலி. (ஃபேன் நிகழ்ச்சி நிரலில் இல்லை. குறித்துக்கொள்ளவில்லை.)

ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்து மூன்று சீர்திருத்தங்கள் செய்தேன். முதலாவது, திரை முழுக்கப் பெரிய தமிழ் எழுத்து. இது நல்ல காரியம், இன்றைக்கும் சொல்வேன். இரண்டாவது, ராக்கு வரிசைகளுக்கு எழுத்தும் எண்ணும் வேண்டாம், பெயர் வைக்கலாம். மனிதன் எண்ணை மறப்பான், பெயரை மறக்க மாட்டான் என்று எங்கோ படித்திருந்தேன். மூன்றாவதுதான் என் மூளையின் சிகரம். ரயிலில் சிக்னலைக் கண்டதும் ஓட்டுநர் அதன் நிறத்தை உரக்கச் சொல்வார், உதவியாளர் திருப்பிச் சொல்வார். கண் தப்பினாலும் வாய் தப்பாது. அதே மாதிரி, திரையில் வரும் வரிசையின் பெயரைப் பெண்கள் உரக்கச் சொல்ல வேண்டும். நடுவில் நிற்கும் மேஸ்திரி நாகப்பன் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் சுட வேண்டும்.

பெயர்களை எங்கே பிடிப்பது? பூ, பழம் என்று வைக்கலாம். அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. நான் அறிவியல் முறையைக் கையாண்டேன். இந்தப் பெண்களுக்கு மிகவும் பழக்கமான பெயர்களாக இருக்க வேண்டும் என்பதால், அவர்களுடைய வேலை விண்ணப்பங்களை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வந்த பெயர்களைப் பொறுக்கினேன். ஏழுமலை, முருகன், கன்னியப்பன், வரதன். எந்தக் கட்டத்திலிருந்து பொறுக்கினேன் என்றால், 'தந்தை / கணவர் பெயர்' என்ற கட்டத்திலிருந்து.

(இந்த இடத்தில் நீங்கள் சிரித்திருந்தால் நீங்கள் என்னைவிடப் படித்தவர்.)

அன்று சாப்பிடும்போது பட்டியலை லலிதாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"என்னங்க, உங்க பேரையும் ஒரு வரிசைக்கு வைக்கிறதுதானே?" என்றாள்.

"அது முறையில்லை. நானே திட்டம் போட்டு நானே என் பெயரை வைத்துக்கொள்வது அதிகார துஷ்பிரயோகம்."

"சரிதான்" என்று சொல்லி ரசம் ஊற்றினாள். அந்த 'சரிதான்' என்ற சொல்லை நான் இன்னும் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும்.

பெயிண்டரை வைத்து வரிசைதோறும் எனாமலில் பலகை எழுதி மாட்டினோம். ஏழுமலை வரிசையில் சோப்பு. முருகன் வரிசையில் பினாயில். கன்னியப்பனுக்கு எண்ணெய், வரதனுக்கு ஊதுபத்தி. சென்னையிலிருந்து மென்பொருள்காரர்கள் வந்து துப்பாக்கிகளில் புதுத் திரையை ஏற்றிவிட்டுப் போனார்கள். முதல் நாள் காலை, நான் இஸ்திரி போட்ட சட்டையோடு நடுவில் நின்றேன். கஸ்தூரி என்ற பெண்ணின் துப்பாக்கியில் பெரிய எழுத்தில் 'ஏழுமலை' என்று வந்தது. கஸ்தூரி திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"படிம்மா."

"படிச்சிட்டேன் சார்."

"உரக்கப் படிக்கணும்."

"மனசுல ஒரக்க படிச்சிட்டேன் சார்."

பக்கத்தில் இன்னொரு பெண் திரையைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அஞ்சலை, வாயாடி அஞ்சலை, துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். எனக்கு உடனே காரணம் புரிந்துவிட்டது. இவர்களுக்குக் கண் தெரியவில்லை.

மறுநாளே உத்திரமேரூரிலிருந்து கண் பரிசோதகரை வரவழைத்தேன். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். அத்தனை பேருக்கும் பருந்துப் பார்வை. கடைசியில் என்னையும் உட்கார வைத்து, "சார், உங்களுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்" என்றார்.

பிறகுதான் நாகப்பன் என்னை ஓரமாக அழைத்துப் போனார். "இன்னா சார் நீங்க! அந்த கஸ்தூரி பொண்ணோட வூட்டுக்காரர் பேரு ஏயுமலை. அஞ்சல புருசன் முருகன். கட்டின பொம்பள எப்டி சார் பேர சொல்லி கத்தும், அதுவும் நாலு பேரு முன்னாடி?"

"இது வரிசையின் பெயர், நாகப்பன். மனிதனின் பெயர் இல்லை."

"அத்த நீங்களே போயி அஞ்சலைகிட்ட சொல்லுங்க சார்" என்று அவர் நகர்ந்துவிட்டார்.

சொன்னேன். அஞ்சலை பொறுமையாகக் கேட்டாள். "சரி சார். பேரு இல்ல, வரிசைதான். இப்போ நானு, 'முருகன்ல பினாயில் நாத்தம் அடிக்குது'ன்னு கத்தறேன். என் மாமியாரு பொண்ணு, அதான் என் நாத்தனாரு, தோ அங்க எண்ணெ எடுத்துக்கினு கீது. சாயங்காலம் வூட்ல நீங்க வந்து பஞ்சாயத்து பண்றீங்களா?"

மாற்றியிருக்கலாம். ஆனால் எனாமல் காய்ந்துவிட்டது. தவிர, மாற்றம் செய்ய மாற்றக் கோரிக்கை வேண்டும், அதற்கு ஒப்புதல் வேண்டும், ஒப்புதல் தர வேண்டியவன் நான், நான் ஒப்புதல் தருவதாக இல்லை.

ஆக, அவர்களே வழி கண்டுபிடித்தார்கள். முதலில் மல்லிகா. அந்தக் கிடங்கில் கல்யாணமாகாதவள் அவள் ஒருத்திதான். யார் பெயரையும் அவள் சொல்லலாம். "மல்லிகா, இங்க வந்து எங்க வூட்டுக்காரர சொல்லிட்டு போடீ!" என்று நாலு பக்கமும் குரல். அவள் பாவம், ஊராருடைய புருஷர்களின் பெயரை எல்லாம் கூவிக்கொண்டு கிடங்கின் நீள அகலம் ஓடினாள். மூச்சு வாங்கி அவள் உட்கார்ந்தபோது இரண்டாவது வழி பிறந்தது. கஸ்தூரி "திருப்பதி!" என்று கத்துவாள். நாகப்பன் ஒரு கணம் யோசித்து "ஏயுமலை!" என்பார். அஞ்சலை "வள்ளி வூட்டுக்காரர்!" என்பாள். "முருகன்!" "காஞ்சீபுரத்து பெருமாளு!" "வரதன்!" கன்னியப்பனுக்கு மட்டும் குறிப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. அவருடைய மனைவி "எங்க பாபு அப்பா!" என்பாள். ஆனால் ஏழுமலை ஒருவருக்கும் பாபு என்று பையன் இருந்தான், நாகப்பன் அவர் பெயரைச் சொல்லிவிட்டார். அன்றைக்கு மதுராந்தகம் போன எண்ணெய் எல்லாம் சோப்பு.

இதற்கிடையில் நான் எழுதிய ஒரு வாக்கியம் வெடித்தது. தவறாகச் சுட்டுவிட்டால் அந்தப் பதிவை நீக்க வேண்டும் அல்லவா? பழைய திரையில் அதற்கு இரண்டே ஆங்கில எழுத்து. நான் அழகான தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். கோடிட்ட இடத்தில் வரிசையின் பெயரை இயந்திரமே நிரப்பிக்கொள்ளும். கஸ்தூரி ஒரு பெட்டியைத் தவறாகச் சுட்டாள். துப்பாக்கி அலறியது. திரையில் வந்தது:

ஏழுமலையை அழிக்கவா? ஆம் / இல்லை.

பல மாதப் பழக்கம், கட்டை விரல் தானாகப் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டது. அடுத்த திரை பணிவோடு தெரிவித்தது: ஏழுமலை அழிக்கப்பட்டது.

துப்பாக்கி சோப்புப் பெட்டிகளின் மேல் விழுந்தது. "ஐயையோ, என் கையால பண்ணிட்டேனே!" என்று கஸ்தூரி செருப்பைக்கூட மாட்டாமல் சாலைக்கு ஓடி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

நான் சிரித்தேன். மூடநம்பிக்கை பற்றி நாகப்பனுக்குச் சிறிது உரையாற்றினேன். மறுநாள் காலை கிடங்கு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. காலில் பெரிய கட்டோடு ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்திருந்தார். முந்தின நாள், ஏறக்குறைய அதே நேரத்தில், ஏரிக்கரையில் சறுக்கி விழுந்திருக்கிறார்.

"நீங்கதானா சார் என்னை அயிக்க சொன்னது?" என்றார் ஏழுமலை.

எந்த உட்பிரிவிலும் இதற்குப் பதில் இல்லை. "அது... பதிவைத்தான்" என்றேன்.

"பதிவோ இன்னாவோ, கால் மட்டும்தான் போச்சு. முயுசா அயிஞ்சிருந்தா நீங்கதான் சார் கஸ்தூரிக்கு பதில் சொல்லியிருக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எம்பேர்ல ஒரு வரிச கீதாமே, எங்க?"

காட்டினோம். எனாமல் பலகையைத் தலை தூக்கிப் பார்த்தார். சோப்பு மணம் கமகமத்தது. முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலையே அஞ்சலையின் புருஷன் முருகன் வந்து, ஏழுமலைக்குச் சோப்பு, தனக்கு மட்டும் ஏன் பினாயில் என்று நியாயம் கேட்டார்.

மேலதிகாரி வருகிற நாள் நெருங்கியது. எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை மல்லிகா. அவளை மட்டும் முன்னால் நிறுத்தி எல்லாப் பெயரையும் சொல்ல வைத்துவிட்டால் போதும், கிடங்கு பிழைத்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை மல்லிகாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. திங்கட்கிழமை எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள்.

"ரொம்ப சந்தோஷம். மாப்பிள்ளை பேர் என்ன?"

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டு பினாயில் வரிசையைக் கை காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மேடம் வந்து இறங்கினார். கம்பெனியின் விநியோகப் பிரிவுத் தலைவி. சென்னை, சல்வார் கமீஸ், கடகடவென்று பேசுகிற ஆங்கிலம். நான் ரயில்வே சிக்னலில் தொடங்கி விளக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, "செய்து காட்டச் சொல்லுங்க" என்றார்.

கஸ்தூரியின் முறை. திரையில் ஏழுமலை. கஸ்தூரி என்னைப் பார்த்தாள். நான் கெஞ்சலாக அவளைப் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

"ஏன் படிக்க மாட்டேங்கறாங்க? படிக்கத் தெரியாதவங்களை வச்சா வேலை வாங்கறீங்க? அப்புறம் தப்பு வராம என்ன பண்ணும்?" என்றார் மேடம். கையிலிருந்த பேனாவை மூடினார். அந்தச் சத்தத்தில் சரக்கு முழுவதும் ஸ்ரீபெரும்புதூருக்குக் கிளம்பிவிட்டது போல எனக்கு இருந்தது.

கஸ்தூரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பத்தாவது பாஸ் மேடம் நானு. படிக்க எல்லாம் நல்லா வரும்." மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்: "திருப்பதி!"

"ஏயுமலை!" என்றார் நாகப்பன் கடமை தவறாமல்.

"வள்ளி வூட்டுக்காரர்!" என்றது இன்னொரு மூலை.

"முருகன்!"

மேடம் என் பக்கம் திரும்பினார். "என்ன நடக்குது இங்க?"

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் கஸ்தூரியின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். "கொடுங்க, நானே பார்க்கறேன். எழுத்து பெரிசாத்தானே இருக்கு. இதுல என்ன கஷ்டம்?" விறுவிறுவென்று நடந்தார். "ஏழுமலை!" பீப். "முருகன்!" பீப். "கன்னியப்பன்!" பீப். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். துப்பாக்கி அடுத்த இடத்தைக் காட்டியது. மேடம் வாயைத் திறந்தார். மூடினார். இன்னொரு முறை திறந்தார்.

"இது... சரி, அடுத்ததுக்குப் போகலாம்."

"போக முடியாது மேடம்" என்றேன் நான். (இருபது வருடமாக யோசிக்கிறேன், அந்த இடத்தில் ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்று.) "உரக்கச் சொன்ன பிறகுதான் அடுத்த இடம். விதிமுறையின் முக்கியமான அம்சமே அதுதான்."

மேடத்தின் முகம் காது மடல் வரை சிவந்தது. முதலில் கண்டுகொண்டவள் அஞ்சலை. மெதுவாக அவர் பக்கத்தில் போய் நின்று சொன்னாள்: "மேடம், 'காஞ்சீபுரத்து பெருமாளு'ன்னு சொல்லிடுங்கோ. நாங்கலாம் அப்டிதான் சொல்லிக்கினு கீறோம். மேஸ்திரி கண்டுக்குவாரு."

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு அந்த விநியோகப் பிரிவுத் தலைவி, மிகவும் சின்னக் குரலில், "காஞ்சிபுரத்துப் பெருமாள்" என்றார்.

"வரதன்!" என்று முழங்கினார் நாகப்பன், கூரைத் தகரம் அதிர.

முதலில் சிரித்தது மேடம்தான். அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. கஸ்தூரி சோப்புப் பெட்டி மேல் உட்கார்ந்து சிரித்தாள். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க மாமியார் கூடவே இருக்காங்க. கல்யாணமான நாள்லேருந்து பழக்கம். ஆபீஸ் போன்ல கூட 'அவர்'தான்" என்று அஞ்சலையிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் தகுதியான ஆள் இல்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

போகும்போது தீர்ப்பு சொன்னார். திரை நன்றாக இருக்கிறது, பெரிய தமிழ் எழுத்து அப்படியே இருக்கட்டும், உரக்கச் சொல்கிற முறையும் இருக்கட்டும், சரக்கும் இங்கேயே இருக்கட்டும். பெயர்களை மட்டும் அடுத்த திங்கட்கிழமைக்குள் மாற்ற வேண்டும். அந்த 'அழிக்கவா' உடனே போக வேண்டும். "பேர் வைக்கிற வேலையை இவங்ககிட்ட விடுங்க" என்று பெண்களைக் காட்டினார். அஞ்சலை அந்தச் சந்தர்ப்பத்தை நழுவவிடாமல் ஃபேன் விஷயத்தையும் அவரிடமே முடித்துக்கொண்டாள்.

பெயர் சூட்டும் கூட்டம் சாப்பாட்டு நேரத்தில், புது ஃபேனுக்குக் கீழே நடந்தது. யாருடைய கணவர், மாமனார், கொழுந்தனார் பெயரும் ஆகாது. சாமி பெயர் என்றால் சுற்றி வளைத்து அங்கேதான் வந்து சேரும். பூ என்றால் மல்லிகா இருக்கிறாள். கடைசியில் காய்கறிக்கு வந்தார்கள். சோப்பு கத்திரிக்காய் ஆனது, பினாயில் பாகற்காய் ஆனது. ஒரே ஒரு வரிசை பாக்கி. உடைந்த, ஒழுகிய, நசுங்கிய சரக்கையெல்லாம் தள்ளி வைக்கிற மூலை. அதற்குக் காய்கறிப் பெயர் வைத்தால் காய்கறிக்கு அவமானம் என்று அபிப்பிராயப்பட்டார்கள்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "சார், உங்க முயு பேரு இன்னா?"

"கனகசபாபதி."

கூட்டம் யோசித்தது. கஸ்தூரி ஒவ்வொருத்தியாகப் பார்த்து விசாரித்தாள். "இந்த பேர்ல யாருக்காச்சும் ஆளு கீதா?" உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் யாருக்கும் இல்லை. ஏகமனதாக நிறைவேறியது. மாற்றக் கோரிக்கையில் ஒப்புதல் கையெழுத்து போட வேண்டியவன் நான். போட்டேன். திரையில் இடம் போதாமல் வால் வெட்டுப்பட்டு 'கனகசபா' என்று நின்றது.

அதற்குப் பிறகு தவறு குறைந்தது, உண்மையாகவே குறைந்தது. சரக்கு அங்கேயே தங்கியது. நாள் முழுக்கக் கிடங்கில் என் பெயர் ஒலித்தது. "கனகசபா ஒயுகுது!" "கனகசபா நசுங்கிக்கினு கீது, ஓரமா தள்ளு!" ஒருத்திக்கும் கூச்சம் இல்லை. மூன்று மாதமாகச் சொல்ல முடியாத பெயர்களுக்கெல்லாம் சேர்த்து இந்த ஒரு பெயரில் ஈடுகட்டினார்கள்.

அடுத்து வந்த ஆயுத பூஜைக்கு லலிதாவையும் அழைத்துப் போனேன். துப்பாக்கிகளுக்குச் சந்தனப் பொட்டு வைத்துச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ தடுக்கி ஓர் எண்ணெய்ப் பெட்டி விழுந்து உடைந்தது. வழக்கப்படி நாலு பெண்கள் ஒரே குரலில், "கனகசபா!" என்றார்கள். லலிதா கையில் சுண்டலோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அன்றைக்குப் பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், வங்கியில், "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்கும் இடத்திலெல்லாம் இவள் பதில் சொன்னதே இல்லை. திரும்பி என்னைப் பார்ப்பாள், நான் சொல்வேன். நானில்லாத இடத்தில் என்ன செய்கிறாள் என்று நான் யோசித்ததும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பெயரை அவள் வாயால் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. இதைத் தினமும் வீட்டில் வைத்துக்கொண்டுதான் நான் கண் பரிசோதகரை அழைத்தேன்.

லலிதா ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கும் அன்றோடு ஒரு நெடுநாள் கஷ்டம் தீர்ந்தது. என்னைக் குறிப்பிட ஒரு சொல் கிடைத்துவிட்டது.

இப்போதும் மகள் தொலைபேசியில் அழைத்து, "அப்பா என்ன பண்றார்மா?" என்று கேட்டால், பதில் சமையலறையிலிருந்து தெளிவாகக் கேட்கிறது:

"உடைஞ்ச சரக்கா? ஹால்ல ஓரமாத்தான் இருக்கு."